வளைவில் கால் மாற்றும் கலை

சக்கரக் காலணி அணிந்து நேராக ஓடச் சில வாரங்களில் பழகிவிடலாம். வளைவு வந்ததும் பலர் கால்களை அசைக்காது நின்றவாறே உருள்கின்றனர், வேகம் குன்றிவிடுகிறது. அவ்விடத்தில் வலக்காலை இடக்காலுக்கு மேலாகத் தாண்டி முன்வைப்பதே கால் மாற்றும் முறையாகும்.

2025 செப்டம்பரில், சீனாவின் பெய்தாய்ஹே நகரில் நடைபெற்ற உலக விரைவுச் சறுக்குப் போட்டியில், சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். பெரியோர் பிரிவில் இந்தியா கண்ட முதல் உலகப் பட்டம் அதுவே. இத்தகைய ஓட்டங்களில் வளைவுதோறும் இக்கால் மாற்றமே வேகத்தைக் காக்கிறது.

காண்போர் கண்ணுக்குத் தாண்டும் வலக்காலே பெரிதாய்த் தோன்றும். ஆனால் அடியில் மறைந்துள்ள இடக்காலும் சும்மா இருப்பதில்லை. அது வெளி விளிம்பில் சாய்ந்து, பின்புறமாக வலப்பக்கம் தள்ளவேண்டும். எம் பள்ளித் திடலில் விழுந்தவருள் பெரும்பாலோர் இடக்காலை நம்பாதவர்களே!

காலணி இல்லாத பிள்ளைகளும் இன்றே தொடங்கலாம். படிக்கட்டு இடப்பக்கம் இருக்குமாறு பக்கவாட்டில் நின்று, வலக்காலை இடக்காலுக்கு முன்னே குறுக்காக வைத்து ஏறுக. பின்னர்ப் புல்தரையில் வட்டமிட்டு, முழங்கால் மடித்து, இடப்புறமாகச் சுற்றி நடக்கவேண்டும்.

சக்கரம் பூட்டியபின் தலைக்கவசம், முழங்கால் காப்பு, மணிக்கட்டுக் காப்பு மூன்றும் வேண்டும். பினாங்கில் பிற்பகல் மழை பெய்த நாளில், தரை நன்கு உலரும்வரை காலணியைப் பைக்குள்ளேயே வைத்திருப்போம்.