மரக்கட்டை வண்டிக்கு ரிமோட்

கே: என் பழைய லயனல் ஓ கேஜ் பொம்மை ரயிலின் மரக்கட்டை வண்டி, அதற்கென உள்ள தண்டவாளத் துண்டில் நின்றால்தான் கட்டைகளைக் கொட்டுகிறது. ரிமோட் வைத்தால் எங்கும் கொட்டுமா?

ப: தாராளமாகக் கொட்டும்! வண்டியைக் கவிழ்த்து, நடுத் தண்டவாளத்தைத் தொடும்படி ஒரு ரோலர் பொருத்துங்கள். அந்தச் சிறப்புத் துண்டைத் தொடும் உரசு தகடுகளிலிருந்து, கட்டைகளைக் கொட்டவைக்கும் காயிலின் கம்பிகளைக் கழற்றி, ஒன்றை ரிலே வழியாக ரோலருக்கும் மற்றதைச் சக்கரத்துக்கும் கொடுங்கள். சாவிக்கொத்து ரிமோட்டோடு விற்கும் 12 வோல்ட் ரிலே ரிசீவர் போதும். ரிசீவருக்கு மட்டும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், கெபாசிட்டர், 12 வோல்ட் பக் கன்வர்ட்டர் வேண்டும். தண்டவாளத்தின் 18 வோல்ட் ஏசி, டிசியாக மாறிக் கெபாசிட்டரில் சேரும்போது 25 வோல்ட்டைத் தொடும். 35 வோல்ட் தாங்கும் கெபாசிட்டராக வாங்குங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மட்டும் ரிலே இயங்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் காயில் கருகிவிடும்.