களப்பை நோக்கிச் சரியும் காணி

கேள்வி: 1984இல் விட்டுப்போன எங்கள் கொக்கிளாய்க் காணியில், களப்பை நோக்கிச் சரியும் பக்கம் முழுக்க நாயுண்ணியும் இலுக்கும். பெக்கோ விட்டு வழிக்கலாமா?

பதில்: வேண்டாம். மண்ணைப் பிடித்திருப்பதே அந்தப் பற்றைதான். ஒரேயடியாக வழித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண் களப்புக்குள் போய்விடும். அந்தக் களப்பு 1951 முதல் சரணாலயம்.

பற்றையில் கை வைக்குமுன் ஒன்று: அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். அது தெரியாமல் கத்தி எடுக்க வேண்டாம். நெருப்பு வைக்கவே வேண்டாம். வெடிபொருள் கிடந்தால் ஆபத்து, இலுக்கோ எரிந்த பின்தான் இன்னும் செழிப்பாகத் துளிர்க்கும். அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டில். நிழல் விழுந்தால்தான் அடங்கும்.

நாயுண்ணியை வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். காய் பழுக்குமுன், அடிக்கட்டையோடு அலவாங்கால் கிளப்புங்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரு பட்டி வெட்டி, அடுத்த பட்டியை விட்டுவிடுங்கள். வெட்டிய இடத்தில் வெட்டிவேர் நட்டு, அது வேர் பிடித்தபின் மிச்சப் பட்டிகளை வெட்டுங்கள்.

பாதையும் அப்படித்தான், குறுக்காகச் சாய்ந்து இறங்கட்டும். நேரே இறக்கினால் முதல் மாரியிலேயே அது வாய்க்கால். வேலையை ஆவணியில் தொடங்குங்கள்.