சாப்பாட்டுத் தட்டில் சட்டமா, சுயாதீனமா?

வேதபாடம்: ஆதியாகமம் 2:16-17, உபாகமம் 22:8, தானியேல் 1, 1 கொரிந்தியர் 8



இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்கள் முன் வருகிறேன். கேள்வி என்னுடையது அல்ல. ஒரகடம் கூட்டு ரோட்டருகே தள்ளுவண்டியில் பாஸ்ட் புட் கடை போட்டிருக்கிற நம் சபைத் தம்பி ஒருவருடையது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தி வந்த வாரம், வெள்ளிக்கிழமை வேதபாடக் கூட்டத்தில் தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணே, வாங்கிச் சாப்பிடுறவன் என்ன சின்னப் பிள்ளையா? அவன் காசு, அவன் வயிறு. எதைத் திங்கணும்னு அரசாங்கம் எதுக்குச் சொல்லணும்?"

நான் யோசிக்காமல் ரோமர் 13-ஐச் சொல்லி, அவரை உட்காரச் சொன்னேன். தம்பி உட்காரவில்லை. "சரிண்ணே. உங்களுக்கு சுகர்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கினதும் நேரா என் கடைக்குத்தான் வர்றீங்க. சிக்கன் ரைஸ் போடச் சொல்றீங்க. அதுக்கு எந்தச் சட்டம் போடணும்?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த வாரமெல்லாம் ஜெபத்தோடு வேதத்தை ஆராய்ந்தேன். ஆண்டவர் உணர்த்தினதை நான்கு குறிப்புகளாகத் தருகிறேன்.

1. எல்லை சுயாதீனத்துக்குச் சத்துரு அல்ல

பாவம் உலகத்தில் வருமுன்னே ஏதேனில் எல்லை இருந்தது. தோட்டத்து மரங்களின் கனியையெல்லாம் புசிக்க அனுமதி, ஒரே ஒரு மரத்துக்குத் தடை. ஆகவே எல்லை போடுகிறவனெல்லாம் நம்மை அடிமையாக்குகிறான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். தேவன் அந்த மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டதாக வேதத்தில் இல்லை. கை நீட்டுவதா வேண்டாமா என்பதை மனுஷனிடமே விட்டார். எல்லை, பொறுப்பு, ரெண்டுமே முதல் தோட்டத்திலேயே இருக்கிறது.

2. தெரியாத ஆபத்துக்குக் கைப்பிடிச்சுவர்

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் சொல்லுகிறது. ஒருவன் விழுந்தால், "அவன் பார்த்து நடந்திருக்கணும்" என்று வீட்டுக்காரன் தப்பிக்க முடியாது. இரத்தப்பழி வீட்டின்மேல் வரும்.

பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் கண்ணுக்குத் தெரியுமா? ருசியில் தெரியுமா? நம்ம ஊர் வெயிலில் அந்த டப்பா மணிக்கணக்காக வெளியே இருந்தால் கிருமி பெருகிக்கொண்டே போகும். 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததும் இப்படித்தான். துணிச்சாயத்துக்குப் போடும் ரோடமின் பி அதில் கலந்திருந்தது. அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இருதயத்தைக் கெடுக்கிற டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியா முழுவதும் விதி இருக்கிறது. இதையெல்லாம் தட்டைப் பார்த்து யார் கண்டுபிடிக்க முடியும்? தெரியாததைத் தெரிந்தெடுக்க முடியாது பிரியமானவர்களே. அங்கே கைப்பிடிச்சுவர் வேண்டும்.

வேறு வழியே இல்லாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. 2021 டிசம்பரை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்பிள்ளைகள் தங்கியிருந்த விடுதியில், சாப்பாடு கெட்டு 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளைகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலையே சில வாரங்கள் மூடிக்கிடந்தது. ஊரைவிட்டு வந்து, விடுதியில் போட்டதைச் சாப்பிடுகிற பிள்ளையிடம் போய், "சாப்பாடு அவரவர் பொறுப்பும்மா" என்று சொல்லலாமா? அது தேவநீதி அல்ல.

3. சட்டம் வாசல் வரைக்கும்தான் வரும்

ஆனால் சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடாது. டென்மார்க் தேசத்தில் 2011-ல் கொழுப்புக்கு வரி போட்டார்கள். ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வாங்கிவந்தார்கள். 2013 தொடங்கும்போதே வரியை எடுத்துவிட்டார்கள். கேரளாவில் 2016-ல் பெரிய பிராண்டு ஓட்டல்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி வந்தது. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்தபோது அது போயிற்று. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020-ல் விதி செய்தார்கள். நல்லது. 51-ஆவது மீட்டரில் யார் நிற்பது? பிள்ளைக்கு அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்தனுப்புகிறது யார்?

தானியேலைப் பாருங்கள். அங்கே ராஜாவே கொழுமையான போஜனத்துக்கு உத்தரவு போட்டிருந்தான். சாப்பிடுவதுதான் சட்டம்! தானியேல் சட்டம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. முதலில் தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணினான். பிறகு பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவாய்க் கேட்டான்.

என் தட்டில் இருந்த சிக்கன் ரைஸில் கிருமி இல்லை, சாயம் இல்லை. எந்தச் சட்டமும் அதைத் தொடாது. என்றாலும் அந்த நேரத்தில் அவ்வளவு சோறும் எண்ணெயும் எனக்கு விஷம் என்று எனக்கே தெரியும். நம் தேசத்தில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10.1 கோடி பேர் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லிற்று. அதில் நானும் ஒருவன். என் சரீரம் தேவனுடைய ஆலயம் என்று மைக்கில் சாட்சி சொல்லிவிட்டு, அந்த ஆலயத்தை நானே இடித்துக்கொண்டிருந்தேன்.

4. என் உரிமையால் சகோதரன் விழலாமா?

கொரிந்து சபையில் மாம்சம் சாப்பிட உரிமை உண்டா என்று வாக்குவாதம் வந்தபோது, பவுல் உரிமையை மறுக்கவில்லை. என் உரிமை பலவீனனை விழப்பண்ணுமானால் அது எனக்கு வேண்டாம் என்றார். இது விற்கிறவருக்கும் பொருந்தும், பரிமாறுகிறவருக்கும் பொருந்தும். உபவாச ஜெபம் முடிந்த உடனே நாம் பிரியாணியும் கலர் பாட்டிலும் கொடுக்கிறோமே! சுகர் உள்ள தாய்மார் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிக்கொள்ளுகிறார்கள். நாம் யோசித்தோமா?

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்பாகவும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் மனம் திறந்தார். "அண்ணே, என் பிள்ளைக்கு அந்த மயோனைஸை நான் குடுக்க மாட்டேன். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறினார். சில வாரம் ஷவர்மா வியாபாரம் குறைந்தது. அந்தக் கஷ்டம் உண்மைதான். சபையார் அவருக்காக ஜெபித்தோம், ஜெபத்தோடு நிற்காமல் கையிலும் உதவினோம்.

நானோ இப்போது சப்பாத்தியும் சுண்டலும் டிபன்பாக்ஸில் கொண்டுபோகிறேன். ஜெயித்துவிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். போன மாதம் ஒரு ராத்திரி மறுபடியும் கடை முன்னே போய் நின்றேன். தம்பி அடுப்பைக் குறைத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு இன்னைக்கு அவிச்ச முட்டைதான்" என்றார். சட்டம் வராத இடத்துக்கு ஒரு சகோதரன் வந்தான். ஸ்தோத்திரம்!

வீட்டில் குடும்பமாய்த் தியானிக்க:

- என் தட்டில் எனக்குத் தெரியாத ஆபத்து எது? தெரிந்தே நான் சாப்பிடுகிற ஆபத்து எது?
- என் கையால் சாப்பிடுகிறவர்களுக்கு நான் கைப்பிடிச்சுவர் கட்டியிருக்கிறேனா?
- தானியேலைப்போல இந்தப் பத்து நாளில் நான் எதைத் தள்ளி வைக்கலாம்?

கர்த்தர் தாமே இந்தப் பாடத்தை நமக்கு ஆசீர்வாதமாக்குவாராக. ஆமென்.