தோட்டத்து வீட்டின் பத்தாய அறை

புன்னைக்காயல்,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனபின் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரியப்பா இரண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிலை மட்டும் தாளில்தான் எழுதுவார். அந்தப் பழக்கம் இனி மாறப்போவதில்லை.

பத்தாய அறையைப் புதுப்பித்து, டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டி, அங்கே உட்கார்ந்தே ஆபீஸ் வேலை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகச் செய். பூட்டிக் கிடக்கிற அறை எலிக்குத்தான் ஆகும். ஆனால் கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டின் முதல் வரியே ‘பழைய காரையைக் கொத்தி எடுத்து சிமெண்ட் பூச்சு’ என்றிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியபோது அந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடுத்த வருஷம் உன் பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? இதே எஸ்டிமேட்டைத்தான் போட்டார். தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் காரையைக் கொத்திச் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்தார். மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. பூச்சு வயிறு உப்பியது. தட்டினால் வெறும்பானைச் சத்தம். ஒருநாள் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், நாலடிக்கு மேலே அதுவரை நன்றாக இருந்த பழைய காரையிலும் உப்புப் பூத்துவிட்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒருபக்கம் ஆற்றின் முகம், ஒருபக்கம் கடல், சுற்றிலும் உப்பளம். இந்த மண்ணில் ஈரம் தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டுதான் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காற்றோடு போய்விடும், உப்பு மேல்பூச்சில் தங்கும், பூச்சு உதிரும், வெள்ளையடிக்கிற சமயத்தில் அந்த இடத்தைத் திரும்பப் பூசிவிடுவார்கள். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு செங்கல்லின் உள்ளேயே படிகமாக வளர்ந்து அதை உடைக்கும். உப்பு எதையாவது தின்றே தீரும் என்றால் காரையைத் தின்னட்டும், செங்கல்லைத் தின்ன வேண்டாம். பழைய கொத்தனார்களின் கணக்கு அதுதான்.

சிமெண்ட் மேல் பெரியப்பாவுக்கு விரோதமில்லை. பாலத்துக்கும் புதுவீட்டுக்கும் அது வேண்டும். ஆனால் நம் பக்கத்துக்கு அது நேற்று வந்த சரக்கு. தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது 1949-ல். அதற்கும் முன்னே, 1904-ல், சென்னையில் கடல் சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. தோட்டத்து வீடு இதற்கெல்லாம் மூத்தது. சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் கலந்த சாந்தில் எழும்பிய இரண்டடிக் கனச் சுவருக்கு சிமெண்ட் ஒட்டாத சம்பந்தம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களையும் வளைவுகளையும் பார்த்திருக்கிறாயே, 1636-ல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும்தான். இடையில் பாழடைந்து, 1860-களின் கடைசியில் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிட்டார்கள். அதாவது, சுண்ணாம்பு வேலை சாகாவரம் பெற்றதல்ல, செப்பனிடத் தோதானது.

ஆகவே கரண்டியை எடுப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார். 2023 டிசம்பர் 17-ம் தேதி இரவை நீ டி.வி.யில்தான் பார்த்தாய். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நம் ஊர் தனித்தீவானது. பத்தாய அறைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறதே, அது அந்த வெள்ளத்தின் கையெழுத்து. ஆனால் இப்போதுள்ள ஈரத்துக்கு வெள்ளம் காரணமில்லை. ரோட்டைச் சுரண்டாமல் தார்மேல் தாராகப் போட்டுப்போட்டு ரோடு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. வடக்குச் சுவரை ஒட்டி மண் மேடேறி, உள்தரையைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறது. முதலில் அந்த மண்ணை வெட்டித் தள்ளு. சுவர் ஓரமாக வாய்க்கால் பிடித்துத் தண்ணீரைக் கிணற்றடிப் பக்கம் திருப்பிவிடு. இதற்கு இரண்டு ஆள், இரண்டு நாள் போதும். எஸ்டிமேட்டில் இந்த வேலை இல்லவே இல்லை.

அடுத்து, பனங்கட்டைகள் தாங்கும் மட்டப்பாக் கூரை. ஒழுகுகிறது, அதனால் மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பார். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மூன்று அங்குலம் போட்டால் சுமார் இரண்டு டன். பனங்கட்டையின் தலையில் இரண்டு யானைக்குட்டிகளை ஏற்றி நிரந்தரமாக நிறுத்துவது போல. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டின் மாடிக் கூரை 2025 மார்ச்சில் இடிந்து விழுந்ததை நீயும் படித்திருப்பாய். அரசு பராமரிக்கும் நினைவு இல்லத்துக்கே அந்தக் கதி. மரக்கட்டையில் நிற்கிற கூரை விழும்வரை வெளியே ஒன்றும் காட்டாது.

நம் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நடுவில் தட்டிப் பார்ப்பவன் ஏமாறுவான். சுவருக்குள் செருகியிருக்கிற முனைதான் முதலில் மக்கும். கரையானும் அங்கேதான் நுழையும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார், அழுந்தினால் அது போனது. முட்டுக் கொடுக்காமல் ஒரு கட்டையையும் உருவ விடாதே. மாற்றுவதற்கு வைரம் பாய்ந்த பழைய பனங்கட்டை ஏரல் பக்கம் இடித்த வீடுகளில் கிடைக்கும். புதிதாகப் பனை வெட்டுவது இப்போது சாமானிய காரியமில்லை. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். நல்லதுதான்.

ஒழுகலுக்கு மருந்து கான்கிரீட் அல்ல. தூம்பில் அடைத்திருக்கிற சருகை எடு. தட்டு ஓடுகளின் விரிசலைச் சுண்ணாம்பால் அடை. கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்றைப் பிடுங்காதே, பிடுங்கினால் பாதிச் சுவர் கூட வரும். அடியோடு அறுத்து வேரைச் சாகடித்த பிறகு பூசு.

சுவரைக் கொத்தும்போது செங்கல்லுக்கு நடுவே வெள்ளையாய், ஓட்டை ஓட்டையாய் ஒரு கல் வரும். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். குப்பையென்று லாரியில் ஏற்றிவிடாதே. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி வெட்டித்தான் அந்தக் காலத்தில் வீடும் கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டு ஒரு முக்கியக் காரணம். 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது. இனி அந்தக் கல் காசு கொடுத்தாலும் வராது, வரவும் கூடாது. எடுத்த இடத்திலேயே திருப்பி வை.

சாந்துக்கு இரண்டு விஷயத்தில் கறாராக இரு. ஒன்று தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் குழைத்தால் சுரண்டி எடுத்த உப்பை நாமே திரும்பப் பூசுவதாகும். நல்ல தண்ணீர் லாரி சொல். மற்றது மணல். முகத்துவாரத்து மணலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்பார்கள், வாங்காதே. அதிலும் உப்பு. ஆற்று மணலுக்கும் ஆசைப்படாதே. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடி 2010-ல் தடை வாங்கினார். எம்-சாண்ட் போதும். சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளிக் கொட்டு. ஊறின சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும், வேலையாட்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடு.

தரைக்கு வழுவழு டைல்ஸ் வேண்டாம். தரையை மூடினால் அடி ஈரம் சுவரைத் தேடி ஓடும். சுட்டமண் தரை ஓடு பதித்துக்கொள். வயரிங் முழுவதும் புதிது, எர்த் கட்டாயம், பிளக் எல்லாம் அந்தப் பழுப்புக் கோட்டுக்கு மேலே. ஏசியைப் பற்றிப் பெரியப்பா வாய் திறக்கவில்லை. ஒரு சித்திரை மாதம் கடற்காற்றில் இருந்து பார்த்துவிட்டு நீயே முடிவு செய்.

நேரம்தான் உனக்குக் கசக்கும். கான்ட்ராக்டர் பதினைந்து நாளில் சாவி தருகிறேன் என்கிறார். சுண்ணாம்பு அப்படி வராது. நீற்றி வாரக்கணக்கில் ஊற வேண்டும். பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் அது மறுபடி கல்லாகிறது. ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது, நடுவில் நாளும் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாசியில் மண்ணை வெட்டிச் சுவரைக் காயவிட்டால், ஆனியில் பூச ஆரம்பித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கலாம்.

பழைய சுவருக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பாய். தமிழில் நூல்களை அச்சிட்ட பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் இந்த ஊரில் இருந்தார். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586-ல் இங்கேதான் அச்சானது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தேடி வருகிறவர்களுக்கு அந்த அச்சுக்கூடத்தின் ஒரு சுவரைக்கூட நம்மால் காட்ட முடிவதில்லை. நம் பத்தாய அறைக்கு அப்படிப் பெருமை ஒன்றும் கிடையாது. நாலு தலைமுறை நெல்லும் கருப்பட்டியும் வைத்திருந்த இடம், அவ்வளவுதான்.

காரை வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் ஆத்தூரில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கரண்டி பிடிக்க மாட்டார்; பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பெரியப்பா பேசிவிட்டார், மாசி பத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல் அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போ. அறைச் சாவி அடுக்களைப் பரணில், பழைய ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா