மாத்திரைகளில் மருந்து சமமாக இருப்பது எப்படி?

மருந்துக் கடையில் பத்து மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்றை வாங்குகிறோம். முதல் மாத்திரையில் உள்ள அதே அளவு மருந்து பத்தாவதிலும் இருக்கும் என்று நம்பியே விழுங்குகிறோம். அந்த நம்பிக்கை எவ்வாறு காப்பாற்றப்படுகிறது என்பதை ஆராய்வோம்.

2018-ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, நம் வயதினருக்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரை உரியது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 500 மைக்ரோகிராம் என்பது அரை மில்லிகிராமே. அதாவது, ஒரு கிராம் ஃபோலிக் அமிலத்தை 2,000 மாத்திரைகளுக்குப் பங்கிட வேண்டும்! தனித்தனியே நிறுத்துப் போட இயலுமா? தூளோடு தூளாகக் கலந்துதான் பங்கிட வேண்டும்.

ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஒரு படி மாவில் கொட்டிக் கிளறினால் திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே, சிறிதளவு மருந்தைப் படிப்படியாகவே கலக்க வேண்டும். 1 கிராம் மருந்துடன் 1 கிராம் வேறு தூள் சேர்த்தால் 2 கிராம். அதனுடன் 2 கிராம் சேர்த்தால் 4 கிராம். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் ஏழாம் முறையில் 128 கிராம் ஆகிவிடும். நாம் படிக்கும் பெருக்குத் தொடர்வரிசைதான் இது!

கலந்த பின்னும் கவலை தீர்வதில்லை. நம் சங்கரன்கோவில் வீடுகளில் அரிசியைச் சுளகில் கொழிக்கும்போது குருணை தனியே பிரிவதைக் கண்டிருக்கிறோம். குலுக்கினால் பெரியதும் சிறியதும் பிரிந்துவிடும். மருந்துத் தூளும் அப்படியே. இதனைத் தடுக்க, தூளில் பசைக் கரைசல் விட்டுப் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, சிறு மணிகளாக்கி உலர்த்துகின்றனர். மருந்தும் மற்றத் தூளும் ஒரே மணிக்குள் ஒட்டிக்கொள்வதால் எளிதில் பிரிவதில்லை.

இம்மணிகள் புனல் வழியாக இயந்திரத்தின் அச்சுக் குழிகளில் விழுந்து, அழுத்தப்பட்டு மாத்திரையாகின்றன. அழுத்தி மாத்திரை செய்யும் முறைக்கு இங்கிலாந்தின் வில்லியம் பிராக்கிடன் 1843-இல் காப்புரிமை பெற்றார். குழியில் விழுவது நிறையால் அன்று, கன அளவால் அளக்கப்படுகிறது. தூள் தடையின்றி ஓடாவிட்டால் ஒரு குழி நிறையும், மற்றொன்று குறையும். ரவை எளிதாக ஓடுகிறது. மைதா அடைத்துக்கொள்கிறது அல்லவா? தூளைக் குவித்தால் அதன் சரிவு தரையுடன் 30 பாகைக்கு மேற்படாமல் இருப்பது நல்ல ஓட்டத்திற்கு அடையாளம்.

மணிகள் அச்சில் ஒட்டாதிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சிறிதளவு சேர்ப்பர். அதனை நெடுநேரம் கலந்தால் மாத்திரை வலுவிழக்கும், கரையவும் தாமதமாகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

மருந்தின் அளவு மிகக் குறைவாக உள்ள மாத்திரைகளுக்கு இந்திய மருந்தியல் நூல் ஒரு சோதனை விதித்துள்ளது. பத்து மாத்திரைகளைத் தனித்தனியே ஆய்ந்தால், ஒவ்வொன்றும் சராசரியில் 85 முதல் 115 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்துகளின் மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதிக்கிறது.

இவ்வளவு கவனம் எதற்கு? இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம்தான். அது கூடினால் நஞ்சாகும். குறைந்தால் நோய் தணியாது. கலவை பிழைத்தால் ஒரே அட்டையில் இரண்டும் நேரலாம்.

தோழியரே! நீல மாத்திரையை வாங்கி ஒளித்து எறிவோரும் நம்மிடையே உண்டு. பலர் அளந்து, கலந்து, சோதித்து நமக்கெனச் சேர்த்த அந்த அரை மில்லிகிராமை வீணாக்காமல், உணவுக்குப் பின் உட்கொண்டு நலம் பெறுவோமாக!