வெளியச்சமும் சபைக்கூச்சமும்

வியாபாரம் என்பது நாலு பேரைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி நடத்துகிற காரியம். கல்லாவில் உட்காருகிறவரானாலும், சரக்கெடுக்கப் பிரயாணம் போகிறவரானாலும் ஜனங்களை விட்டு ஒதுங்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட நம்மவரில் ஒருவர் வெளியே தலைகாட்டுவதைக் குறைத்துக்கொண்டால், "முதலாளிக்குக் கர்வம் வந்துவிட்டது" என்கிறோம். வீட்டாரோ கண்ணூறு என்கிறார்கள். இரண்டுமில்லாமல், வைத்தியம் உள்ள ஒரு நோயாகவும் அது இருக்கலாம். அந்த நோய் ஒன்றல்ல, இரண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதுதான் சங்கடம்.

முதலாவது, 'அகோராபோபியா' எனப்படும் வெளியச்சம். பெர்லின் நகரத்து மனநோய் வைத்தியர் கார்ல் வெஸ்ட்பால் 1871-ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'அகோரா' என்றால் ஊர் நடுவே ஜனங்கள் கூடுகிற சந்தைத் திடல். சந்தையைக் கண்டு பயம்! ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பொல்லாத நோய் வேறு உண்டோ? வெஸ்ட்பால் எழுதிவைத்த நோயாளிகளில் ஒருவர் ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் பிரதிநிதி. பரந்த சதுக்கத்தைக் கடக்க வேண்டுமென்றால் இத்தகையவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் பக்கத்தில் ஒருவர் துணைக்கு நடந்தாலோ, முன்னே போகும் வண்டியை ஒட்டி நடந்தாலோ அச்சம் தணியும். இந்தத் 'துணை' என்னும் விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்றைய வைத்தியர்கள் திறந்த வெளியை மாத்திரம் சொல்வதில்லை. பஸ், ரயில், நீண்ட வரிசை, நெரிசலான கடை, சினிமாக் கொட்டகை, வீட்டை விட்டுத் தனியே போவது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். "இங்கே எனக்கு மயக்கமோ மூச்சடைப்போ வந்தால் எப்படி வெளியேறுவேன், யார் உதவுவார்?" என்பதே அவர் பயத்தின் சாரம். பலருக்கு இது திடீர்ப் பீதி ஒன்றுக்குப் பின் தொடங்குகிறது. மார்பு இடித்து, கை கால் தளர்ந்து, சில நிமிஷங்களில் உச்சத்துக்கு ஏறிப் பின் இறங்கிவிடும். அடுத்த தடவை அந்த இடத்துக்குப் போகக் கால் எழாது. நாளடைவில் போகாத இடங்களின் ஜாப்தா நீண்டு, கடைசியில் வாசற்படியே எல்லையாகிவிடும்.

இரண்டாவது, சபைக்கூச்சம். சாதாரணக் கூச்சம் யாருக்குமுண்டு. அதை நாம் நோய் என்று சொல்லவில்லை. பிறர் தம்மைக் கவனித்துக் குறைவாக எண்ணிவிடுவார்கள் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்துப் பிழைப்பையே கெடுக்கும்போதுதான் அது நோயாகிறது. இவர் பேங்கு முகப்பில் பலர் பார்க்கச் செக்கில் கையெழுத்துப் போட அஞ்சுவார். கை நடுங்குமே என்று. கல்யாண விருந்தில் நாலு பேர் எதிரே சாப்பிட அஞ்சுவார். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் ஒரு வாரம் தூக்கம் இராது.

ஆக, ஒருவர் வெளியேறும் வழிக்கு அஞ்சுகிறார். மற்றவர் பிறர் கண்ணுக்கு அஞ்சுகிறார். இருவருமே விருந்துக்கு வருவதில்லை. எப்படிப் பிரித்தறிவது? யாருமில்லாத வேளையில் அதே இடத்துக்குத் தனியே போகச் சொன்னால் என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். சபைக்கூச்சக்காரருக்கு அது நிம்மதி. வெளியச்சக்காரருக்கோ ஆளில்லாத இடம் இன்னும் மோசம், உதவிக்கு யாருமில்லையே! தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் அவர் தெம்பாக நடப்பார். முன்னவருக்கோ கூட வருகிறவரும் தம்மைப் பார்க்கிற இன்னொரு ஜோடிக் கண்தான். உடம்பும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். முகம் சிவப்பதும் நடுங்குவதும் கூச்சத்தில் அதிகம். தலைசுற்றலும் மூச்சுத் திணறலும் வெளியச்சத்தில் அதிகம்.

இந்தச் சோதனை எப்போதும் சுத்தமாகப் பிரித்துவிடாது. "நான் விழுந்தால் ஜனங்கள் சிரிப்பார்களே" என்று வெளியச்சக்காரரும் சொல்வார். அங்கே விழுவோம் என்ற பயம் முன்னே வருகிறது, வெட்கம் அதன் பின்னே வருகிறது. மற்றவரிடம் வெட்கமே முதல். இரண்டும் ஒருவரிடமே குடிகொள்வதும் உண்டு. கூட்டத்தில் வெட்கத்தால் பீதி கண்டவர், பின்பு கூட்டமில்லாத ரயிலுக்கும் அஞ்சத் தொடங்கலாம்.

வைத்திய உலகமே இவற்றை உடனே பிரித்துவிடவில்லை. 1966-இல் லண்டன் டாக்டர்களான ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும், கூச்சம் பெரும்பாலும் விடலைப் பருவத்திலும் வெளியச்சம் இருபது வயதுகளிலும் தொடங்குவதைக் காட்டினர். 1980-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூல் சபைக்கூச்சத்துக்குத் தனி இடம் தந்தது. வெளியச்சம், பீதி நோயின் வாலாக வெகுகாலம் கிடந்து, 2013-இல்தான் அந்நூலில் தனி நோயாயிற்று.

பிரித்தறிவதால் என்ன லாபம்? சிகிச்சை இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து வருகிறது: அஞ்சும் காரியத்தைச் சிறுகச் சிறுகச் செய்து பழகுவது. ஆனால் பழக வேண்டிய பாடம் வேறு. வெளியச்சக்காரர் முதல் நாள் தெருமுனை வரை, பிறகு ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில், முதலில் துணையோடு, பின்பு தனியாகப் போய், நெஞ்சு படபடத்தாலும் அது அடங்கும்வரை அங்கேயே நின்று பழக வேண்டும். சபைக்கூச்சக்காரரைத் தினமும் தனியே ரயிலில் அனுப்பினால் ஒரு பயனுமில்லை. அவர் மூன்று பேர் பார்க்க ஒரு பில் எழுத வேண்டும். கை நடுங்கினாலும் வாடிக்கைக்காரர் அதைக் கவனிக்கவேயில்லை என்று தாமே காண வேண்டும். மனப்பயிற்சியாளர் துணை இருப்பது நலம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சிலவும் இரண்டுக்கும் உதவுகின்றன. டாக்டர் சொன்னால் மட்டும். உடனே அமைதி தரும் தூக்க மாத்திரை வகைகளைச் சிநேகிதர் கொடுத்தார் என்று விழுங்குவது பழக்கத்தில் கொண்டுபோய் விடும்.

வீட்டார் அன்பினால் செய்கிற காரியமொன்று நோயை வளர்க்கிறது. பேங்குக்குத் தம்பி போகிறான், சரக்கெடுக்க மச்சான் போகிறார், கடைக்கு மகன் போகிறான். நோயாளிக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் பயம் மெய்யானதுதான் என்று அவர் மனத்தில் இன்னும் ஒரு பூட்டு விழுகிறது. ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு வேலையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

மார்பு வலி, தலைசுற்றல் முதன்முதலாக வந்தால் மனம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடாமல் இருதயத்தையும் தைராய்டையும் சோதித்துக்கொள்வது அவசியம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும் மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கிலும் முதலில் காட்டலாம். அங்கே போகும்போது "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில், தனியாகவா கூட்டத்திலா, அப்போது மனத்தில் ஓடியது என்ன என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது டாக்டருக்குப் பெரிதும் உதவும்.