இலையுதிர்கால வாழ்த்து மடல்: வண்ணத்தூளாற் செய்யும் முறை

இலையுதிர்காலம் என்னுஞ் சொல்லை எமது மாணவர் பாடநூலிற் படித்தறிந்தவரேயன்றிக் கண்ணாற் கண்டறிந்தவரல்லர். தொல்லாசிரியர் வகுத்த பெரும்பொழுது ஆறனுள் அப்பெயருடையது யாதுமில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பனவே அவை. ஐப்பசியுங் கார்த்திகையுமாகிய கூதிர் எமக்கு மழைக்காலம். நெடுநல்வாடை பாடுங் காலமும் அதுவே. யாழ்ப்பாணத்தில் அப்போது வயலும் வேலியும் பச்சையாய் நிற்கும். இலுப்பையும் வேம்பும் இங்கு இலையுதிர்ப்பது மாசி பங்குனியிலாம். ஆயின் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எம் பழைய மாணவர்க்கோ, புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை வரை வீதியெங்கும் பொன்னுஞ் செம்பும் உதிர்ந்து கிடக்கும். நவராத்திரியுந் தீபாவளியும் அவர்க்கு அவ்விலைகளினூடேதான் வருகின்றன.

அவருள் எண்பது கடந்தோர் பலர். 1983 இன் பின்னரும் 1995 இடப்பெயர்வின் பின்னரும் நாடு நீங்கியோருட் சிலரிடம் கல்லூரிக் காலத்துப் படமொன்றேனும் எஞ்சவில்லை. கைத்தொலைபேசியில் வரும் வாழ்த்து ஒரு விரலசைவில் மறைந்துபோம். இங்குள்ள ஒரு மாணவன் தன் கையால் வண்ணமிட்டுத் தன் கையெழுத்திலே தமிழில் எழுதியனுப்பும் மடலோ மேசைமீது நிற்கும். பேரப்பிள்ளை அதனைப் பார்த்து, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என வினவவுங் கூடும். இது கருதியே யாம் சித்திர ஆசிரியரொடு கூடி ஒன்பதாந் தர மாணவர்க்கு இத்தொழிலைக் கற்பிக்கலாயினோம். அம்முறையை ஈண்டு எழுதுகின்றோம்.

வாழ்த்து மடல் அச்சாகி விற்பனைக்கு வந்த வரலாறு நெடியதன்று. 1840 இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, 1843 இல், ஹென்றி கோல் என்பார் ஜோன் கால்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு நத்தார் வாழ்த்து மடலொன்றை வரைவித்து அச்சிட்டார். அச்சிட்ட அம்மடலுக்குங் கையாலேயே வண்ணந் தீட்டினர் என்பது எமது மாணவர் அறியத்தக்கது.

இனி, வண்ணந் தேருமுன் இலை ஏன் நிறம் மாறுகின்றது என்பதை அறிதல் வேண்டும். கோடையில் இலையிலுள்ள பச்சையம் பிற நிறங்களை மறைத்து நிற்கும். பகல் குறுகிக் குளிர் மிகுங்கால் மரம் புதுப் பச்சையம் ஆக்குவதை நிறுத்துகின்றது. உள்ளது சிதைந்து போகின்றது. அப்போது முன்னரே இலையிலிருந்த கரட்டினொயிட்டு என்னும் மஞ்சட்பொருள் வெளிப்படும். சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்னுஞ் செம்பொருள் அக்காலத்திலேயே புதிதாய் உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருங் கூடின் அது மிகும். எனவே, மஞ்சள் இருந்தது, சிவப்பு வந்தது. இவ்வொழுங்கை மாணவன் உளங்கொள்ளின் எத்தூளை முதலிற் றூவுவது என்ற ஐயம் எழாது.

நீர்வண்ணத்தைக் குழாயிற் குழம்பாகவும் பெட்டியில் வில்லையாகவுங் கண்டிருக்கின்றோம். இங்கு வேண்டுவது சிறு மணிகளாயுள்ள தூள். ஒரு சிட்டிகை ஒரு தாளை நிரப்பும், அத்துணைச் செறிவுடையது. ஒரு நிறமெனத் தோன்றுந் தூளிற் பல நிறமணிகள் கலந்திருக்கும். நீர் பட்டவுடன் அவை தனித்தனியே பிரிந்தோடும். கபிலத்தூளினின்று மஞ்சளும் ஊதாவுஞ் சிதறுவது கண்டு எம் மாணவர் ஆரவாரித்தனர். அத்தூள் கிடையாதவிடத்து, நீரிற் கரையும் வண்ணப் பென்சிலின் முனையைச் சவர அலகினாற் சுரண்டி ஈரத்தாளின்மீது தூவினும் ஏறக்குறைய அதே பயன் உண்டாம். சமையல் மஞ்சள் ஆகாதோ என ஒரு மாணவன் வினவினான். ஆகாது. அது நீரிற் கரையாது மணலாய் நிற்கும். வெயிலில் வெளுத்தும் போம்.

தாள் தடித்ததாதல் வேண்டும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள நீர்வண்ணத் தாளே தக்கது. அப்பியாசக் கொப்பித் தாள் நனைந்ததும் அப்பளமாய் நெளியும். 210 மில்லிமீற்றருக்கு 297 மில்லிமீற்றரான ஏ4 மட்டையை இரண்டாய் வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால், 105 இற்கு 148 அளவான மடல் இரண்டு கிடைக்கும். வண்ணத்தாளை ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீற்றர் குறைத்து வெட்டி அதன்மேல் ஒட்டுக. மடலிலேயே நேராக வண்ணமிடுவாருமுளர். எமக்கு அஃது உடன்பாடன்று. ஒரு தாள் பிழைத்தால் மடல் முழுதும் பாழாகும்.

தூளடைத்த குப்பியின் மூடியைத் திறவற்க. அதில் ஊசியால் ஒரு துளையிடுக. தாளைத் தூரிகையால் மெல்ல நனைத்து, ஓரடி உயரத்தினின்று மஞ்சளை இரண்டு முறை தட்டுக. அது பரவுமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். பொறுமையின்மையே இத்தொழிற்குப் பெரும்பகை. பின்னர்ச் செம்மஞ்சளையுஞ் சிவப்பையும் ஒவ்வொரு தட்டு, ஒரு புறமாக. இறுதியிற் கபிலம், கீழ்மூலையில் மட்டும். தெளிப்பானால் இருமுறை நீர் தெளித்துத் தாளைச் சற்றே சாய்த்தால் நிறங்கள் தாமே வழி தேடும். தூரிகையை மீண்டுந் தொடற்க. ஊதாவும் நீலமும் இதிற் சேரின் மஞ்சளொடு கலந்து சேற்றுநிறமாகும். மூன்றிலொரு பங்கேனும் வெண்மையாய் விடுதல் நன்று. ஒளி அவ்வழியேதான் வருகின்றது. நீர் தேங்கிய இடத்தை ஒற்றுத்தாளின் ஓரத்தால் உறிஞ்சுக.

மின்விசிறியை நிறுத்திவிட்டே தூவுதல் வேண்டும். தூள் மூச்சிற் புகலாகாது. வெண்சீருடையிற் பட்டாற் சலவையிற் போதலரிது. மாணவர் தத்தம் அன்னையர்க்கு விடை கூறவேண்டி வருமாதலின் பழைய மேற்சட்டை ஒன்று கொணர்க. கடற்காற்றின் ஈரம் புகின் தூள் கட்டியாகுமாதலால் துளையை ஒட்டுத்தாளால் மூடிவைத்தலும் வேண்டும்.

இலையுருவை வெள்ளையாய்க் காட்ட வேண்டுமாயின், நனைக்குமுன் மெழுகுதிரியால் அதனை வரைந்துகொள்க. மெழுகின்மேல் வண்ணம் ஏறாது. கனடாவின் கொடியில் 1965 முதல் விளங்கும் மேப்பிள் இலையை வரைய விரும்புவோர் பருத்தியிலையைப் பார்த்துப் பழகலாம். எனினும் எம் விருப்பம் வேறு. நாட்டுவாதுமை உதிருமுன் செஞ்சாந்து நிறங் கொள்ளும். பூவரசிலை பழுத்தால் மஞ்சளாகும். தொரன்ரோ நகரத்துப் பின்னணியிற் பூவரசிலை வரைந்த மடலொன்றை ஒரு மாணவன் செய்தான். நெறிப்படி அது பொருந்தாதென்றார் சித்திர ஆசிரியர். யாம் அதனை அனுப்புவித்தோம். அவ்விலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்க்கன்றோ அது போகின்றது!

சிட்னிக்கும் மெல்பேணுக்கும் அனுப்புவோர் ஒன்று நினைக. அங்கு இலையுதிர்காலம் பங்குனி முதல் வைகாசி வரையே. தீபாவளிக்கு அங்கே வசந்தம். உதிரும் இலை அவர்க்குச் சித்திரைப் புத்தாண்டு மடலிற்கே பொருந்தும்.

உள்ளே எழுதுவதிற் சிக்கனம் வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என முதியோரையும், ‘அன்புள்ள அண்ணா’ என அண்மையில் நீங்கினோரையும் விளிக்க. ‘வாழ்த்துகள்’ என ஒற்று மிகாது எழுதுதலே எமக்குடன்பாடு. அச்சிட்ட வாசகத்தைப் பார்த்தெழுதாது, கல்லூரியிற் கண்ட ஒரு செய்தியை இரண்டு வரியிற் கூறுக: மண்டபத்துக்கு வெள்ளையடித்தமை, துடுப்பாட்டத்தில் வென்றமை, பழைய வேம்பு இன்னும் நிற்பது, எதுவுமாகலாம்.

வண்ணத்தாள் முற்றாய் உலர்ந்தபின் கனத்த நூல்களுக்கிடையே ஓரிரவு வைத்து, மறுநாள் ஒட்டுக. தீபாவளிக்கு ஒரு திங்களுக்கு முன்னரே அஞ்சலிற் சேர்த்தல் வேண்டும். வெயில்படும் யன்னலில் வைத்தால் நிறம் வெளுக்குமென ஒரு வரி குறிப்பதும் நன்று. பின்புறத்திற் பெயர், வகுப்பு, இல்லம் மூன்றும் எழுதுக. வீட்டு முகவரி வேண்டா, கல்லூரி முகவரியே போதும். இல்லத்தின் பெயரை மட்டும் எவரும் விட்டுவிடற்க. சென்ற ஆண்டு வந்த மறுமொழிகளிற் பெரும்பாலானவை, ‘தம்பி, நீர் எந்த இல்லம்?’ என்றே தொடங்கியிருந்தன.